நாடில்லாத அரசுக்கு அதிகாரி எதற்கு?

கேள்வி: கோவை வாசகர், 6 மார்ச் 2024

இமாசலப் பிரதேசத்துத் தர்மசாலாவில் நாடுகடந்த திபெத் அரசு என்று ஒன்று இருக்கிறதாம். பிரதமர், அமைச்சர்கள், செயலாளர்கள், நாடாளுமன்றம் எல்லாம் உண்டாம். ஆனால் கையில் ஒரு சென்ட் நிலம் கிடையாது, போலீஸ் கிடையாது, எந்த நாடும் அங்கீகரிக்கவும் இல்லை. அப்படியென்றால் இந்த அதிகாரிகள் தினமும் ஆபீஸ் போய் என்னதான் செய்கிறார்கள்? தலாய் லாமா பெயரைச் சொல்லி வெளிநாட்டுக் காசில் காலம் தள்ளுகிற கூட்டம் என்பது என் அபிப்பிராயம். தெரிந்தவர்கள் மறுக்கலாம்.

6 மார்ச், இரவு

பாதியை இப்போதே மறுக்கிறேன். மீதிப் பாதியை அப்புறம் பார்ப்போம்.

நான் வங்கி வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இமாசலப் பிரதேசத்தில் காங்க்ரா மாவட்டத்தில் சில வருடம் குப்பை கொட்டினேன். எங்கள் கிளைக்கு வந்தவர்களில் நிறையப் பேர் கங்சென் கீஷோங்கில் வேலை செய்தவர்கள். கீழ் தர்மசாலாவுக்கும் மெக்லியோட் கஞ்சுக்கும் நடுவே மலைச்சரிவில் இருக்கிற வளாகம் அது. உள்ளூர்க்காரர்கள் சுருக்கமாக கங்கி என்பார்கள். கஷாக் எனப்படும் அமைச்சரவை, நாடாளுமன்றம், துறை அலுவலகங்கள், நூலகம், கோயில் எல்லாம் அங்கேதான். பெரிதாகக் கற்பனை பண்ணிக்கொள்ள வேண்டாம். நம் ஊரில் நாலைந்து தாலுகா ஆபீசைச் சரிவில் அடுக்கி வைத்தது மாதிரி இருக்கும்.

துறைகள் ஏழு: சமயம்-பண்பாடு, உள்துறை, நிதி, கல்வி, பாதுகாப்பு, தகவல்-வெளியுறவு, சுகாதாரம். பள்ளிக்கூடம், முதியோர் இல்லம், ஆஸ்பத்திரி நடத்த வேண்டும். திபெத்திய அகதிக் குடியிருப்புகளுக்குத் தண்ணீர் வருகிறதா என்று பார்க்க வேண்டும். மலை தாண்டி வருகிறவர்களுக்கு இடம் பிடித்துக் கொடுக்க வேண்டும். ஜெனிவாவுக்கு மனு எழுத வேண்டும். 2009-இல் அவர்களே எடுத்த கணக்கெடுப்பில், திபெத்துக்கு வெளியே இருப்பவர்கள் 1,27,935 பேர். அதில் இந்தியாவில் 94,203. பிறகு இந்தியாவில் எண்ணிக்கை இறங்கிக்கொண்டே வருகிறது. தலையை எண்ணினால் ஒரு நகராட்சிதான். ஆனால் லடாக்கிலிருந்து மைசூர்ப் பக்கம் வரை சிதறிக் கிடக்கிற நகராட்சி.

ஆக, வேலை இருக்கிறது. அதிகாரம்தான் இல்லை. வரி கட்டாதவனை இவர்களால் ஒன்றும் செய்ய முடியாது. உத்தரவை மதிக்காதவனை உள்ளே தள்ள முடியாது. அதை வைத்துக்கொண்டு எப்படி நிர்வாகம் நடக்கிறது என்பதுதான் எனக்கு இன்று வரை சுவாரசியமான விஷயம்.

7 மார்ச்

சேலத்து நண்பர் கேட்டிருக்கிறார்: "லாசாவில் ஆண்ட பிரபுக்கள் நாற்காலியை அப்படியே இங்கே தூக்கி வந்துவிட்டார்களா?"

தூக்கி வரத்தான் பார்த்தார்கள். நாற்காலிதான் வரவில்லை.

1959-க்கு முன் திபெத்தின் தலைநகர் லாசாவில் அரசுப் பணி இரண்டு வரிசை. பிரபுக் குடும்பத்துப் பிள்ளைகள் ஒன்று, துறவிகள் இன்னொன்று. வரிசைக்குச் சுமார் 175 பேர். எஸ்டேட் வைத்திருந்த குடும்பம் ஒரு மகனையாவது அரசு வேலைக்கு அனுப்பியாக வேண்டும். குடும்ப அதிகாரிகளுக்கு இடது காதில் நீளமான நீலப்பச்சைக் கல் தொங்கட்டான், உச்சந்தலையில் முடிச்சுப் போட்ட கொண்டை, பட்டு அங்கி. யார் எந்தப் படிநிலை என்பதை உடையைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

1959 மார்ச் 17 இரவு தலாய் லாமா லாசாவை விட்டுத் தப்பிக் கிளம்பினார். மார்ச் 26 அன்று எல்லைக்கு வரும் வழியில் லுன்ட்சே ஜோங் கோட்டையில் வைத்து, திபெத் சீனாவின் பகுதி என்று ஒப்புக்கொண்ட 1951-ஆம் வருட 17 அம்ச உடன்படிக்கை செல்லாது, திபெத் அரசு இனி இங்கிருந்து இயங்கும் என்று அறிவித்தார்கள். மார்ச் 31-இல் அந்த அரசு மொத்தமும் இந்திய எல்லையைத் தாண்டிவிட்டது. தன் மண்ணில் அதற்கு ஆயுள் ஐந்தே நாள்.

மசூரியில் ஒரு வருடம், 1960 ஏப்ரல் கடைசியில் தர்மசாலா. அங்கே வந்ததற்கு ஒரு கடைக்காரரும் காரணம். மெக்லியோட் கஞ்சில் தலைமுறையாகப் பல்பொருள் கடை வைத்திருந்த நௌரோஜி என்ற பார்சிக்காரர். 1905 நிலநடுக்கத்தில் பாதி காலியான ஊர், வெள்ளைக்காரன் போனதும் முழுக்கக் காலி. ஈ ஓட்டிக்கொண்டிருந்த மனிதர், இங்கே காலி பங்களாக்கள் கிடக்கின்றன என்று டெல்லிக்குச் சொல்லி ஆள் பிடித்தார். வந்து சேர்ந்தது ஓர் அரசாங்கம்!

வந்த பிரபுக்கள் என்ன ஆனார்கள்? இரண்டு பேரைச் சொல்கிறேன். லோப்சாங் சாம்டென், தலாய் லாமாவின் அண்ணன். லாசாவில் அரண்மனை நிர்வாகத்தில் பெரிய பதவி. பிற்காலத்தில் அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்து உயர்நிலைப் பள்ளி ஒன்றில் துப்புரவுப் பணியாளராக வேலை பார்த்தார். அப்புறம் இந்தியா திரும்பி, திபெத்திய மருத்துவ நிறுவனமான மென்-ட்சீ-காங்கை நடத்தினார். 1985-இல் காலமானார்.

இன்னொருவர் ஜிக்மே தாரிங். டார்ஜிலிங்கில் ஆங்கிலம் படித்தவர், லாசாவில் ராணுவ அதிகாரி. 1960 மார்ச் 3 அன்று மசூரியில் திபெத்தியப் பிள்ளைகளுக்கு முதல் பள்ளி திறந்தபோது அதில் வாத்தியார் வேலைக்குப் போனார். வயதான பிறகு லாசாவின் பெரிய கோயிலை மர மாதிரியாகச் செய்தார். எந்த வாசல் எந்தப் பக்கம், எந்த அறைக்குப் பின்னால் எந்த அறை என்று எல்லாம் ஞாபகத்திலிருந்து. சீனாவின் பண்பாட்டுப் புரட்சிக் காலத்தில் அந்தக் கோயில் பட்ட பாட்டை நினைத்தால், ஓர் அதிகாரி செய்யக்கூடிய அரசுப் பணியில் இதற்கு மேல் என்ன இருக்கிறது?

7 மார்ச், கொஞ்ச நேரம் கழித்து

"திபெத்துக்குப் பாஸ்போர்ட்டே இருந்ததில்லை, அது எப்போதும் சீனாவின் பகுதி" என்று மேலே ஒருவர் அடித்துச் சொல்கிறார். இருந்தது சார். ஷகாப்பா என்ற நிதி அதிகாரி 1947-48-இல் வர்த்தகக் குழுவுக்குத் தலைமை தாங்கி அமெரிக்கா, பிரிட்டன் எல்லாம் போனார். கையில் லாசா அரசு கொடுத்த பாஸ்போர்ட், அதில் பல நாட்டு விசாக்களும் முத்திரைகளும். அந்த நாடுகள் முத்திரை குத்தினவே தவிர, பிறகு அங்கீகாரம் தரவில்லை. அது வேறு கதை.

இந்த ஷகாப்பா 1959-க்குப் பிறகு டெல்லியில் தலாய் லாமாவின் பிரதிநிதியாக 1966 வரை இருந்தார். அப்புறம் உட்கார்ந்து திபெத்தின் அரசியல் வரலாற்றை எழுதினார். 1967-இல் யேல் பல்கலைக்கழகம் வெளியிட்டது. 1989-இல் டெக்சாஸில் இறந்தார். பாஸ்போர்ட் எங்கோ தொலைந்து போய், 2003-இல் நேபாளத்தில் ஒரு பழம்பொருள் வியாபாரியிடம் கிடைத்தது. ஆளைவிட அவருடைய காகிதம் கெட்டி.

8 மார்ச்

வெளிநாட்டுக் காசு விஷயத்துக்கு வருகிறேன். கோவைக்காரர் விடமாட்டேன் என்கிறார்.

முதலில் சொந்தக் காசு. 1950-இல் சீனப் படை வந்தபோது தலாய் லாமாவின் கருவூலத்திலிருந்து பொன்னும் வெள்ளியும் கோவேறு கழுதைகளில் ஏற்றி சிக்கிமுக்கு அனுப்பினார்கள். காங்டாக்கில் பத்து வருடத்துக்குப் பக்கமாகப் பத்திரமாகக் கிடந்தது. பிறகு கல்கத்தாவுக்குக் கொண்டுபோய் விற்றார்கள். விற்ற காசைத் தொழில்களில் போட்டார்கள். அதில் ஒன்று இரும்புக் குழாய்க் கம்பெனி. கூட்டுச் சேர்ந்தவர்களை நம்பினார்கள், கம்பெனி கவிழ்ந்தது. சுமார் 80 லட்சம் டாலர் பெறுமானம் இருந்திருக்க வேண்டிய சொத்தில் மிஞ்சியது 10 லட்சம் டாலருக்கும் குறைவு என்று தலாய் லாமாவே எழுதியிருக்கிறார்.

வங்கிக்காரனாக எனக்கு இது வயிற்றெரிச்சல். ஆனால் யோசித்துப் பாருங்கள். படிநிலையும் சடங்கும் மட்டும் தெரிந்த அதிகாரிகள். பங்கு என்றால் என்ன, இருப்புநிலைக் குறிப்பு என்றால் என்ன என்று அவர்களுக்குச் சொல்ல ஆள் இல்லை. கல்கத்தா மாதிரி ஊரில் இவர்களைப் பார்த்தால் யாருக்குத்தான் ஆசை வராது?

அந்தச் சூடு ரொம்ப நாள் ஆறவில்லை என்று நினைக்கிறேன். 2001-இல் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்த முதல் பிரதமர் சாம்தோங் ரின்போச்சே, அரசு நடத்திக்கொண்டிருந்த வியாபாரங்களையெல்லாம் கைகழுவினார். அரசுக்கு வியாபாரம் வேண்டாம் என்பது அவர் கொள்கை.

மற்றபடி, ஆமாம், அமெரிக்கப் பணம் வருகிறது, ஐரோப்பியப் பணம் வருகிறது. மறைக்க ஒன்றும் இல்லை. இந்திய அரசு ஒரு பைசா தருவதில்லை என்று திருப்பூர்க்காரர் எழுதியது சரியில்லை. 2015-இல் ஐந்து வருடத்துக்கு 40 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள், வருடத்துக்கு 8 கோடி. பிறகு இன்னும் ஐந்து வருடம் நீட்டித்தார்கள். அதற்கு முன்பும் பள்ளிகளை மத்திய அரசுதான் தாங்கியது.

9 மார்ச்

பச்சைப் புத்தகம் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது.

1972-இலிருந்து நடக்கிற ஏற்பாடு. ஒவ்வொரு திபெத்தியர் கையிலும் பச்சை அட்டை போட்ட சின்னப் புத்தகம். வருடா வருடம் 'சத்ரெல்' என்ற தொகையைக் கட்டி அதில் பதிவு போட்டுக்கொள்ள வேண்டும். பெயருக்கு நன்கொடை, நடைமுறையில் வரி. இந்தியாவில் இருக்கிறவருக்கு அடிப்படைத் தொகை ஒரு பிரியாணி விலைக்கும் கீழே. சம்பளம் வாங்கினால் அதில் கொஞ்சம் சதவீதம் சேரும். கட்டாவிட்டால் ஜப்தி இல்லை, நோட்டீஸ் இல்லை. ஆனால் புத்தகம் இல்லாதவருக்கு ஓட்டு இல்லை, உதவித்தொகை கேட்டாலும் வேலை கேட்டாலும் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள்.

எங்கள் கிளைக்கு வந்தவர்களில் நிதித் துறை அதிகாரி ஒருவர் எனக்கு நண்பரானார். பெயர் வேண்டாம், இன்னும் அங்கேதான் இருக்கிறார். 1968-இல் குலு பக்கம் ரோடு போடும் முகாமில் பிறந்தவர், அப்பா அம்மா இருவரும் கல் உடைத்தவர்கள். அவர் மேசையில் ஒரு நாள் சத்ரெல் கணக்குக் கட்டைப் பார்த்தேன். நியூயார்க்கிலிருந்து வந்த டாலர் தொகை ஒரு வரி. அதற்குக் கீழே ஒடிசா குடியிருப்புக் கிழவி ஒருத்தியின் தொகை. அவள் கட்டாமல் விட்டிருந்த பழைய வருடங்களுக்கும் சேர்த்து, வருடவாரியாகப் பிரித்து எழுதியிருந்தது. யாரும் கேட்காத பாக்கி. "இவளை யார் விரட்டினார்கள்?" என்று கேட்டேன். யாரும் இல்லையாம். செத்துப் போவதற்குள் புத்தகம் சுத்தமாக இருக்க வேண்டும் என்று பேரனை அனுப்பிக் கட்டச் சொன்னாளாம்.

இருபத்தைந்து முப்பது வருடம் கடன் வசூல் பார்த்த ஆள் நான். இப்படி ஒரு வசூலை எந்தக் கிளையிலும் பார்த்ததில்லை.

9 மார்ச், தூக்கம் வராததால்

அதே நண்பர் கதைதான். அவருக்கு எங்கள் வங்கியில் கணக்கு. ஒரு நாள் கணினி முறை மாறியது, எல்லா வாடிக்கையாளர் விவரமும் திரும்ப ஏற்ற வேண்டும். 'குடியுரிமை' என்று ஒரு கட்டம். பட்டியலில் உலகத்து நாடுகள் எல்லாம் இருந்தன, திபெத் இல்லை. தலைமையகத்துக்கு எழுதினேன். "சீனா என்று போடவும்" என்று ஒற்றை வரியில் பதில் வந்தது.

அதை அவரிடம் எப்படிச் சொல்வது? சொன்னேன். அவர் சத்தம் போடவில்லை. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பேனாவை மூடி வைத்தார். "கணக்கை மூடிவிடுங்கள் சார், பரவாயில்லை" என்றார். சம்பளம் வருகிற கணக்கு, மகளுக்குப் பள்ளிக் கட்டணம் போகிற கணக்கு. வாரக்கணக்கில் இழுத்தோம். கடைசியில் 'மற்றவை' என்று ஒரு குறியீடு பிறந்தது. அவர் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு எங்கள் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். மலையேறிப் போய் வேலை கெட்டவர் அவர், டீயும் அவர் செலவு.

இவர்தான் ஆபீசில் 'குங்கோ' என்று எழுந்து நின்று மரியாதை செய்யப்படும் அதிகாரி. அதே மனிதர் வெளிநாட்டவர் பதிவுச் சான்றிதழ் புதுப்பிக்கப் போலீஸ் அலுவலகத்தில் வரிசையில் நிற்பார். ஆர்.சி. என்பார்கள். அப்போது வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும், பிறகு ஐந்து வருடமானது. முன்னால் நிற்பவன் அவருடைய துறையின் டிரைவராக இருப்பான். அங்கே முந்திக்கொண்டு போவது வழக்கமில்லை.

10 மார்ச்

இன்று எழுச்சி நாள். 1959-இல் லாசா மக்கள் தலாய் லாமாவின் மாளிகையைச் சுற்றி நின்ற நாள். எல்லாக் குடியிருப்புகளிலும் கஷாக்கின் அறிக்கையை வாசிப்பார்கள். அதை எழுதுகிற அதிகாரிகளுக்கு பிப்ரவரி முழுக்கத் தலைவலி. சீனா, இந்தியா, வாஷிங்டன் மூன்றும் படிக்கும், மூன்றுக்கும் ஒவ்வொரு சொல்லும் உறுத்தும். வேறொன்றும் இன்று எழுதவில்லை.

12 மார்ச்

கோவைக்காரர் நல்ல கேள்வி ஒன்று கேட்டிருக்கிறார். இந்தியாவில் பிறந்தவர் ஏன் இந்தியக் குடியுரிமை வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருக்கக் கூடாது?

வாங்கலாம். 1950 ஜனவரி 26-இலிருந்து 1987 ஜூலை 1-க்குள் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன், சட்டம் அதுதான். 2010-இல் டெல்லி உயர் நீதிமன்றம் ஒரு திபெத்தியப் பெண்ணின் வழக்கில் அதை உறுதி செய்தது. 2014-இல் தேர்தல் ஆணையம் வாக்காளர் பட்டியலில் சேர்க்கச் சொன்னது. 2016-இல் இன்னொரு தீர்ப்பு, 2017-இல் பாஸ்போர்ட் தரும்படி வெளியுறவுத் துறை உத்தரவு. கூடவே நிபந்தனைகள்: ஆர்.சி.யை ஒப்படை, குடியிருப்பை விட்டு வெளியே போ, சலுகை எதிர்பார்க்காதே.

தர்மசாலா யாரையும் தடுக்கவில்லை, அவரவர் விருப்பம் என்று சொல்லிவிட்டது. அவர்கள் சாசனப்படி வேறு நாட்டுக் குடியுரிமை எடுத்தாலும் திபெத்தியராகத் தொடரலாம். இவ்வளவு திறந்திருந்தும் என் நண்பர் வாங்கவில்லை. 1968-இல் பிறந்தவர், முழுத் தகுதி. மகள் கனடா போய்விட்டாள், அங்கே குடியுரிமையும் வாங்கிவிட்டாள். அதில் அவருக்கு வருத்தம் இல்லை, பெருமைதான். ஆனால் அவர் வாங்க மாட்டாராம். அகதிகளின் அரசில் கையெழுத்துப் போடுகிறவன் அகதியாக இருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு.

முன்பெல்லாம் இதைத் தியாகம் என்று நினைத்தேன். இப்போது கொஞ்சம் பிடிவாதமும் கலந்திருக்கிறது என்று தோன்றுகிறது. மகளைப் பார்க்கப் போவதற்கு மஞ்சள் அட்டைப் பயண ஆவணம், விசா, திரும்பி வர இந்தியாவின் அனுமதி என்று அலைகிறார். எல்லையில் அந்த மஞ்சள் புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து மேலதிகாரியைக் கூப்பிடுவார்களாம். அந்த அவமானத்தை வலிந்து ஏற்க வேண்டுமா என்று கேட்டால் சிரிக்கிறார்.

இலங்கைத் தமிழர் முகாம்களோடு ஒப்பிட்டு இரண்டு பேர் எழுதியிருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான். திபெத்தியருக்கு நிலமும், தனிப் பள்ளியும், தங்களைத் தாங்களே நிர்வகிக்கும் வசதியும் கொடுத்த டெல்லி, நம் ஊர் முகாம்களில் அந்த அளவுக்கு விட்டுக்கொடுக்கவில்லை. அதற்குக் காரணம் சீனாவா, 1991-ஆ, இரண்டுமா என்று தனி இழை போட்டுப் பேசலாம்.

20 மார்ச்

கொஞ்சம் இலகுவாக. இப்போதைய சிக்யோங் (2012-இலிருந்து பிரதமருக்கு இந்தப் பட்டம்) பென்பா ட்செரிங், நம் தாம்பரம் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பொருளாதாரம் படித்தவர். கர்நாடகத்துத் திபெத்தியக் குடியிருப்பான பைலகுப்பேயில் பிறந்தவர். மாணவராக இருந்தபோது நைஜீரிய-திபெத் நட்புறவுச் சங்கத்துக்குச் செயலாளராகவும் இருந்திருக்கிறார். தாம்பரத்தில், எண்பதுகளில், நைஜீரியாவுக்கும் திபெத்துக்கும் நட்புறவு! ராஜதந்திரத்துக்கு இதைவிட நல்ல பயிற்சிக்கூடம் எங்கே கிடைக்கும்?

அவர் கதையில் இன்னொரு திருப்பம். வாஷிங்டனில் பிரதிநிதியாக இருந்தவரை 2017 நவம்பரில் அப்போதைய சிக்யோங் லோப்சாங் சங்கையின் அமைச்சரவை நீக்கியது. இவர் சும்மா போகவில்லை. திபெத்தியர்களின் உச்ச நீதி ஆணையத்தில் வழக்குப் போட்டார். 2019 அக்டோபரில் இவருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. அந்த ஆணையத்துக்குச் சிறையும் இல்லை, சேவகனும் இல்லை. இந்தியச் சட்டத்தின் கண்ணில் அது ஒரு நடுவர் மன்றம், அவ்வளவுதான். ஆனாலும் ஆளும் அமைச்சரவைக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. 2021 தேர்தலில் இவர் 34,324 ஓட்டு வாங்கி ஜெயித்தார், எதிராளிக்கு 28,907.

உடனே புல்லரித்துப் போக வேண்டாம். அதே 2021-இல் புது நாடாளுமன்றம் பதவிப் பிரமாணம் எப்படி எடுப்பது என்ற சண்டையில் மாதக்கணக்கில் முடங்கிக் கிடந்தது. 45 உறுப்பினர்கள். ஊ-ட்சாங், காம், ஆம்தோ மூன்று மாகாணங்களுக்கும் தலா 10, மத மரபுகளுக்கு 10, மீதி வெளிநாடுகளில் வாழும் திபெத்தியர்களுக்கு. சண்டையில் மாகாணப் பாசம் நிறையவே ஓடியது. அக்டோபரில்தான் எல்லோரும் உள்ளே வந்தார்கள். எங்கள் நண்பர் அந்தச் சமயத்தில் போனில், "பட்ஜெட் போட்டு வைத்திருக்கிறேன், நிறைவேற்ற ஆளில்லை" என்று அலுத்துக்கொண்டார்.

2 ஏப்ரல்

சத்தியமங்கலம் பக்கத்து வாசகர், தங்களுக்கு அருகிலேயே திபெத்தியர் இருப்பதாக எழுதியிருக்கிறார். ஆமாம், ஆசனூர் வழியாகக் கொள்ளேகால் போகிற ரோட்டில் ஒடையர்பாளையம் குடியிருப்பு. தர்மசாலாவில் கோப்பு தள்ளுகிறவர்களையே அங்கே அதிகாரியாக மாற்றல் போடுவார்கள். கோப்பு தள்ளினவருக்கு அப்போதுதான் நிஜம் தெரியும். மக்காச்சோளம் விலை, கூட்டுறவுச் சங்கக் கடன், போர்வெல் மோட்டார், வயலில் யானை, கர்நாடக வருவாய்த் துறையில் குத்தகைக் காகிதம். கன்னடம் தெரியாமல் பிழைக்க முடியாது. கங்கியில் அமைச்சர் பேசுகிற சுதந்திரமும் தன்னாட்சியும் இங்கே பம்பு செட்டாக வந்து நிற்கும்.

என் நண்பரும் அப்படித் தெற்கே ஒரு குடியிருப்பில் இருந்துவிட்டுப் போனவர். குளிர்காலத்தில் அவர் மனைவி பெங்களூரில் ஸ்வெட்டர் கடை போடுவார். லூதியானா வியாபாரி எழுத்தில்லாமல் கடனுக்குச் சரக்குக் கொடுப்பான், சீசன் முடிந்து போய் அடைப்பார்கள். ஒரு டிசம்பரில் நான் அந்தப் பக்கம் போனபோது கடையில் நண்பர் லீவு போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார். ஒரு அம்மா சிவப்பு நிறத்தில் 38 சைஸ் கேட்டு, பத்து உருப்படியைப் பிரிக்க வைத்து, விலை அதிகம் என்று போய்விட்டார். இவர் ஒவ்வொன்றாக மடித்து, கையை உள்பக்கம் சுருட்டி, பாலிதீன் உறையில் போட்டுக்கொண்டே அடுத்த வருட வரவு செலவுத் திட்டத்தைப் பற்றிப் பேசினார். சம்பளத்தில் குடும்பம் ஓடாது, இந்தக் கடைதான் ஓட்டுகிறது. வெளிநாட்டுக் காசில் சொகுசு என்கிறவர்கள் இந்தக் கணக்கையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

3 ஏப்ரல்

விட்டுப் போன ஒன்று. 2011. அந்த மார்ச்சில் தலாய் லாமா அரசியல் அதிகாரத்தைத் துறப்பதாக நாடாளுமன்றத்துக்கு எழுதினார். வேண்டாம், நீங்களே இருங்கள் என்று அவர்கள் கெஞ்சினார்கள். அவர் கேட்கவில்லை. மே 29-இல் சாசனத் திருத்தத்தில் கையெழுத்துப் போட்டார். 1642-இலிருந்து வந்த ஏற்பாடு முடிந்தது.

ஆட்சியை விட மறுக்கும் தலைவர்களைப் பார்த்தே பழகியவர்கள் நாம். வாங்க மறுக்கும் அதிகாரிகளை நான் அங்கேதான் பார்த்தேன். அடக்கம் என்று மட்டும் சொல்ல மாட்டேன். முன்பு சிக்கலான கோப்பு என்றால் மேலே ஓரிடம் இருந்தது, அங்கே போனால் யாரும் எதிர்த்துப் பேசமாட்டார்கள். 2011-க்குப் பிறகு முடிவெடுத்தவரையே கேள்வி கேட்பார்கள், முகநூலில் திட்டுவார்கள். அந்தப் பயமும் இருந்தது. கோவைக்காரர் தலாய் லாமா பெயரில் காலம் தள்ளுகிறார்கள் என்றாரே, அதில் நான் மறுக்காமல் வைத்திருந்த பாதி இதுதான். இன்றும் அந்தப் பெயர் இல்லாமல் வசூலும் நடக்காது, வெள்ளை மாளிகைக் கதவும் திறக்காது.

18 பிப்ரவரி 2025

இழை தூங்கிப்போயிருந்தது. எழுப்ப ஒரு காரணம். இந்த மாதம் 8-ஆம் தேதி கியாலோ தோண்டுப் காலிம்போங்கில் காலமானார், வயது 97. தலாய் லாமாவின் இன்னொரு அண்ணன். ஐம்பதுகளில் சி.ஐ.ஏ.வோடு தொடர்பு, 1979-இல் பெய்ஜிங்கில் டெங் சியாவோபிங்கோடு நேர்ப் பேச்சு, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பிரதமர் பதவி. இத்தனைக்கும் நடுவே காலிம்போங்கில் நூடுல்ஸ் தொழிற்சாலை. முதலாளி, ராஜதந்திரி, உளவுத் தொடர்பாளர் எல்லாம் ஒரே ஆள். ஊர்க்காரர்களுக்கு நூடுல்ஸ்காரர்.

அவர் டெங்கைப் பார்த்ததன் பலனாகத்தான் 1979 ஆகஸ்டில் தர்மசாலாவிலிருந்து நிலைமையை நேரில் பார்த்துவர முதல் குழு திபெத்துக்குள் போனது. மேலே எழுதிய லோப்சாங் சாம்டெனும் அதில் ஒருவர். பழைய பிரபுக்கள் மேல் கோபம் இருக்கும், கல்லெறியக் கூடாது, காறித் துப்பக் கூடாது என்று உள்ளூர்ச் சீன அதிகாரிகள் லாசா மக்களுக்கு முன்கூட்டியே வகுப்பு எடுத்தார்கள். குழு வந்ததும் ஜனம் தடுப்பை உடைத்துக்கொண்டு ஓடி வந்தது. அழுதார்கள், உடையைத் தொட்டுப் பார்த்தார்கள், கிழித்து எடுத்துக்கொண்டார்கள். சீன அதிகாரிகள் கலங்கிப் போனார்கள்.

இன்னொரு செய்தி: ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவிகளை நிறுத்தி வைத்ததில் தர்மசாலாவும் அடி வாங்கியிருக்கிறது. நண்பரிடம் பேசினேன். பழைய நிதித் துறைக்காரர் அல்லவா, எந்தத் திட்டத்தை எந்தத் தலைப்புக்கு மாற்றலாம் என்று எனக்கே பாடம் எடுத்தார். பள்ளி, ஆஸ்பத்திரியில் கை வைக்க மாட்டார்களாம், பயணச் செலவில் வைப்பார்களாம்.

19 பிப்ரவரி 2025

மதுரைத் தம்பிக்கு: மே மாதம் போவதென்றால் போகலாம், மழைக்கு முந்தின நல்ல காலம். கீழ் தர்மசாலாவிலிருந்து மெக்லியோட் கஞ்ச் போகும் வழியில் கங்கியில் இறங்கிக்கொள். நூலகத்துக்குள் யாரும் போகலாம். 2022-இல் திறந்த அருங்காட்சியகமும் அதே வளாகத்தில் இருக்கிறது. ஆபீஸ்களுக்குள் சும்மா நுழைந்து படம் எடுக்காதே, வேலை நடக்கிற இடம். புதன்கிழமையாக இருந்தால் நல்லது, அன்று பாரம்பரிய உடையில் வருவார்கள். மத்தியானம் அங்கேயே சாப்பிடலாம், துக்பா என்கிற நூடுல்ஸ் சூப் சூடாகக் கிடைக்கும். யாரையாவது பார்த்துப் பேச வேண்டும் என்றால் முன்கூட்டியே மின்னஞ்சல் போடு. பதில் நிச்சயம் வரும், கொஞ்சம் தாமதமாக வரும், கடிதத் தலைப்பு எண்ணோடு வரும்.